'மார்ட்கேஜ்' என்னும் சொல்லின் வரலாறு

நம் சங்கத்து அன்பர்களுட் பலர் நிலமுடையார். நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெறுங்கால் 'மார்ட்கேஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேளாதார் இலர். அச்சொல் பிறந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இது பழைய பிரெஞ்சு மொழியினின்றும் ஆங்கிலத்துட் புகுந்தது. 'மார்ட்' என்பது இறந்தது. 'கேஜ்' என்பது ஈடு. ஆகவே 'செத்த ஈடு' என்பதே இதன் சொற்பொருளாம். ஜெர்மானிய இனமொழிகளில் வகர முதலாக நின்ற சொல்லே பிரெஞ்சிற் ககர முதலாகத் திரிந்து 'கேஜ்' ஆயிற்று. மணவினையைக் குறிக்கும் 'வெட்டிங்' என்பதும் அவ்வேரினின்று கிளைத்ததே.

நிலம் எங்ஙனம் சாகும்? 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் ஹென்றி மன்னன் காலத்தெழுந்து, கிளான்வில் பெயரால் வழங்கும் சட்டநூல் விடை கூறுகின்றது. கடன் கொடுத்தவன் நிலத்தை அனுபவிக்குங்கால் அதன் விளைவு கடனிற் கழியாதாயின், அது செத்த ஈடு. கழிவதனைப் பின்னோர் உயிருள்ள ஈடு என்றனர். செத்த ஈட்டை அரசன் நீதிமன்றம் விலக்கவில்லை. எனினும் அது வட்டி கொள்ளும் பாவத்தின்பாற்பட்டதென இகழப்பட்டது.

15-ஆம் நூற்றாண்டினராகிய லிட்டில்டன் வேறு காரணம் காட்டினார். குறித்த நாளிற் கடன் தீராவிடின் நிலம் உடையவனுக்குச் செத்தது. தீர்ப்பின் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்பது அவர் கருத்து. 1628-இல் வெளிவந்த எட்வர்ட் கோக்கின் உரை இதனைப் பரப்பியது. அந்நாளில் ஒருநாள் தவறினும் நிலம் போயிற்று. இக்கொடுமையைக் கண்ட சான்ஸரி நீதிமன்றம், 17-ஆம் நூற்றாண்டில், தவணை கடந்த பின்னும் அசலும் வட்டியும் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமையை நிலைநாட்டியது.

அவ்வுரிமையே நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்து 60-ஆம் பிரிவாய் நிற்கின்றது. அச்சட்டத்து 58-ஆம் பிரிவோ, நாம் போக்கியம், ஒற்றி என வழங்கும் அனுபவ ஈட்டில், வருமானம் வட்டிக்குக் கழியலாம், அசலுக்குக் கழியலாம், இரண்டிற்கும் கழியலாம் என்கின்றது. கிளான்வில் நூல் கண்ட இருவகையும் இங்கே இன்றும் அடங்கியுள்ளன!

ஆதலின் அன்பர்களே, போக்கியப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் ஒன்றை நோக்குமின்: விளைவு கழிவது வட்டிக்கா, அசலுக்கா? வட்டிக்கு மட்டுமேயாயின், எத்தனை ஆண்டு விளைந்தாலும் அசல் அப்படியே நிற்கும். அசலுக்காயின், நிலமே நும் கடனை அடைத்து வீடு திரும்பும். நும் நிலம் செத்த ஈடோ உயிருள்ள ஈடோ என்பதை அவ்வொரு சொல்லே முடிவு செய்யும்.