ஸ்டான்ஃபோர்டும் இக்னோவும் சித்தூர் அடுப்பங்கரையில்

சரிவிகித உணவைப் பற்றி அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தரும் படிப்புகளில் இரண்டை ஆந்திராவின் சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஆட்களோடு பேசும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாயா ஆடம் கோர்செரா இணையதளத்தில் நடத்தும் உணவு, உடல்நலம் பற்றிய அறிமுகப் பாடம். குட்டிக் குட்டி வீடியோக்கள். கைபேசியில் படுத்துக்கொண்டே பார்த்துவிடலாம். மற்றது இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உணவு, ஊட்டச்சத்துச் சான்றிதழ்ப் படிப்பு. 6 மாதம், மூன்று பாடங்கள். 18 வயது ஆகியிருந்தால் போதும், பள்ளிச் சான்றிதழ் வேண்டியதில்லை. பாடம் அச்சுப் புத்தகமாக வரும். வீட்டிலேயே எழுதி அனுப்பும் பயிற்சியும் உண்டு, கடைசியில் தேர்வும் உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பாடத்துக்கு உலகம் முழுக்க நல்ல பெயர். படித்தவர்கள் தரும் மதிப்பெண் 5-க்கு 4.5-ஐத் தாண்டும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இதுபோன்ற இணையப் பாடங்களில் சேருகிறவர்களில் பத்தில் ஒருவர் கடைசிவரை வந்தாலே பெரிது. இரண்டாம் வாரத்தில் நழுவியவர் நின்று கருத்து எழுதிவிட்டுப் போவதில்லை.

திருப்பதியில் இந்தப் பாடத்தைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். 1954-இல் வந்த வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், பிறகு ஐஐடி என்று ஊரே படிக்க வந்தவர்களால் நிரம்பியிருக்கிறது. மெஸ் சாப்பாடு சலித்து, நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, முதன்முதலாக அடுப்பு பற்றவைக்கிற பிள்ளைக்கு, "கலோரியை எண்ணிக்கொண்டிருக்காதே, பாக்கெட்டைக் குறை, நீயே சமை" என்கிற அந்தப் பாடத்தின் சாரம் நேராகப் போய்ச் சேருகிறது. செய்துகாட்டும் சமையல் மேல்நாட்டுச் சமையல்தான். அதனால் என்ன, கத்தி பிடிக்கும் தைரியம் வந்தால் சரி என்கிறார்கள்.

சித்தூரில் அதே பாடத்தைப் பார்த்த ஓர் அக்கா கேட்டது வேறு: "வீட்டுலதானே சமைக்கிறோம், இதுல புதுசா என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. அவர் வீட்டில் நொய்யரிசி குழைய வெந்ததும் கேழ்வரகு மாவை மேலே குவித்து, மூடி, ஆவி ஏறியபின் துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டுகிறார்கள். தெலுங்கில் சங்கட்டி, தமிழில் களி. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னியோ கொள்ளுச் சாறோ. இதில் பாக்கெட் எங்கே வந்தது? அவருக்குத் தெரியவேண்டியது உருண்டையின் அளவு. வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார். களி நல்லது என்று கேள்விப்பட்டு வேளைக்கு இரண்டு பெரிய உருண்டை போகிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. மாவுச்சத்து அரிசியைவிட ஏகமாகக் குறைவு என்பதுதான் உண்மையில்லை. சன்னமாக அரைத்து, அரிசியும் கலந்து கிண்டிய உருண்டையை எண்ணாமல் போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இந்த இடத்தில் இக்னோ புத்தகம் முந்திக்கொள்கிறது. நீங்களும் உங்கள் உணவும் என்று தொடங்கி, உணவுப் பிரிவுகள், சத்து உடம்பில் சேரும் விதம், கடைசியில் உணவின் பொருளாதாரம் என்று போகிறது. வீட்டுச் செலவைக் கையில் வைத்திருப்பவருக்குப் பிடித்துப்போவது அந்தக் கடைசிப் பாடம். குறையும் இருக்கிறது: நடை பாடப்புத்தக நடை, மதியத் தூக்கத்துக்கு உத்தரவாதம். அளவுகளையும் இன்றைய கணக்கோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில், நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய்கீரை 400, பழம் 100, கொட்டை வகை 35, எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி என்று தட்டே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தானியக் கணக்கு சமைக்கும் முன் நிறுத்த எடை. கடலை விளையும் சீமையில் 35 கிராம் பெரிய காரியமில்லை. 400 கிராம் காய்தான் இடிக்கிறது. பருப்பில் நாலு தக்காளி போட்டால் காய் ஆயிற்று என்பது இங்கே வழக்கம்.

இரண்டிலும் படிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது மொழியில். 1911-இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர் வட ஆற்காட்டோடு இருந்தது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். ஆனால் பிள்ளைகள் பள்ளியில் எழுதப் படிப்பது தெலுங்கு. ஆங்கில வீடியோ பாட்டிக்கு எட்டாது; தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் பேரனுக்கு எழுத்துக் கூட்ட வராது. ஆகவே பேத்தி ஆங்கிலத்தில் பார்த்து, தெலுங்கில் குறிப்பெடுத்து, பாட்டியிடம் தமிழில் சொல்கிறாள். பாட்டி பாதியை ஒப்புக்கொள்கிறாள்.

என்னைக் கேட்டால், திருப்பதி ரூம் பையனுக்கு ஸ்டான்ஃபோர்டு. சித்தூர் அக்காவுக்கு இக்னோவின் பொருளாதாரப் பாடமும், ஹைதராபாத் தட்டும், ஒரு சமையலறைத் தராசும். மாவைக் கிண்டும் முன் நிறுத்துப் பார்த்தாலே அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிடும்.