விரைவோட்டமும் முப்பது வயதும்

100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் ஒருவர் தம் வாழ்நாளின் சிறந்த நேரத்தை முப்பது வயதுக்குப் பின் பதிவு செய்வது அரிது. ஆயினும் தற்செயல் என்று ஒதுக்கும் அளவுக்கு அரிதன்று. உலகத் தர ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் உச்சம் தொடுகிறார்கள். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 விநாடி ஓடியபோது அவருக்கு 23 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி இருந்தது. இந்தப் பொதுக்கணக்கை மீறியவர்களைப் பற்றியது இக்கட்டுரை.

இவர்களுள் முன்னோடி நெதர்லாந்தின் ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் (1918–2004). 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 18 வயதில் பங்கேற்றுப் பதக்கமின்றித் திரும்பினார். அடுத்த இரண்டு ஒலிம்பிக் போட்டிகளும் உலகப் போரால் நடக்கவில்லை. இடையில் தம் பயிற்சியாளர் யான் பிளாங்கர்சை மணந்து இரு குழந்தைகளுக்குத் தாயானார். 1948இல் முப்பது வயதில் அவர் லண்டனுக்குப் புறப்பட்டபோது, வயதாகிவிட்டது என்றும் வீட்டைக் கவனிக்கட்டும் என்றும் சொன்னவர்கள் பலர். ஆனால் அதே ஆண்டு ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் 100 மீட்டரை 11.5 விநாடியில் ஓடி அவர் உலக சாதனை படைத்திருந்தார். லண்டனில் மழையில் ஊறிய ஓடுபாதையில் 100 மீ (11.9), 200 மீ (24.4), 80 மீ தடை ஓட்டம், 4×100 மீ தொடர் ஓட்டம் என நான்கிலும் தங்கம் வென்றார். சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1999இல் அவரை நூற்றாண்டின் சிறந்த தடகள வீராங்கனையாக அறிவித்தது. ஆண்களில் டிரினிடாடில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய மெக்டொனால்ட் பெய்லி 1951இல் பெல்கிரேடில், தம் 30ஆம் வயதில், 10.2 விநாடி என்ற உலக சாதனையைச் சமன் செய்தார். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்.

இவர்களுக்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்ததற்கு உடலைவிட வயிற்றுப்பாடே காரணம். ஊதியம் வாங்காதவரே ஓடலாம் என்ற அமெச்சூர் விதி இருந்தவரை, கல்லூரி முடிந்ததும் வேலை தேடிப் போவது தவிர வழியில்லை. 1964 டோக்கியோவில் 100 மீ தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் தம் 21ஆம் வயதிலேயே தடகளத்தை விட்டு அமெரிக்கக் கால்பந்துக்குச் சென்றார். 26 வயதில் அவர் எப்படி ஓடியிருப்பார் என்பதற்கே பதிவில்லை, 32 எங்கே? 1980களில் விதி தளர்ந்தது. 1993 உலகப் போட்டியில் வென்றவர்களுக்கு மெர்சிடிஸ் கார் கிடைத்தது, 1997 முதல் பரிசுப் பணமே வந்தது. முப்பதுக்குப் பின்னும் ஓடுவது பிழைப்பாகும் நிலை வந்ததும் முப்பது வயதுச் சாம்பியன்களும் வந்தார்கள்.

அவர்களுள் தலையாய இருவரும் 1960இல் ஜமைக்காவில் பிறந்தவர்கள். ஏழு வயதில் லண்டனில் குடியேறிய லின்ஃபோர்ட் கிறிஸ்டி, பயிற்சியாளர் ரான் ராடனிடம் முழு மூச்சாகப் பயிலத் தொடங்கியதே இருபதுகளின் நடுவில்தான். 26 வயதில் ஐரோப்பியச் சாம்பியன், 28இல் சியோல் ஒலிம்பிக் வெள்ளி. 1991 டோக்கியோ உலகப் போட்டியில் 9.92 ஓடியும் நான்காம் இடமே கிடைத்தது. ஓய்வு பெறும் எண்ணம் அப்போது எழுந்து அடங்கியது. 1992 பார்சிலோனாவில் 9.96 விநாடியில் தங்கம் வென்றபோது வயது 32. 1980இல் ஆலன் வெல்ஸ் 28 வயதில் வென்றதே அதுவரை உச்ச வயதாக இருந்தது. 1993 ஸ்டுட்கார்ட்டில் கிறிஸ்டி ஓடிய 9.87, அன்றைய உலக சாதனைக்கு நூறில் ஒரு விநாடியே பின்தங்கியது. பிரிட்டிஷ் சாதனையாக அது 2023 வரை நின்றது.

மெர்லின் ஓட்டியின் கதை இன்னும் நீளமானது. 1980 மாஸ்கோவில் 200 மீ வெண்கலத்துடன் தொடங்கியவர், 1993லும் 1995லும் அதே ஓட்டத்தில் உலகச் சாம்பியனானார். 1996 அட்லாண்டாவில் 100 மீ இறுதியில் கெய்ல் டெவர்சுக்கும் அவருக்கும் ஒரே நேரம், 10.94. புகைப்படத்தின்படி தங்கம் டெவர்சுக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் மிலானில் 36 வயதில் 10.74 ஓடினார், அதுவே அவரது வாழ்நாள் சிறந்த நேரம். ஒன்பது ஒலிம்பிக் பதக்கங்களில் ஒரு தங்கமும் இல்லாதது தடகள வரலாற்றின் பெரிய அநீதி.

செயிண்ட் கிட்ஸின் கிம் காலின்ஸ் 2003 உலகச் சாம்பியன். அவர் தம் சிறந்த நேரத்தை 37 வயதில் 9.97 ஆகவும், 38இல் 9.96 ஆகவும், 2016இல் 40 வயதில் 9.93 ஆகவும் திருத்திக்கொண்டே போனார்.

வயதேறும்போது வேகத்தசை இழைகள் மெலிகின்றன. பாதம் தரையில் படும் நேரம் நீள்கிறது, காலடியின் நீளம் குறைகிறது. காலடிகளின் விரைவு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. எனவே இழப்பது உந்துவிசையையே. எடைப் பயிற்சியும் தாவல் பயிற்சியும் அதைப் பல ஆண்டு தள்ளிப்போடுகின்றன. பின்தொடைத் தசையும் குதிகால் நாணும் ஆறக் கூடுதல் நாள் எடுப்பதால், முழு வேக ஓட்டங்களைக் குறைத்து ஓய்வைக் கூட்டுவது வழக்கம்.

முப்பதுகளின் வெற்றி ஊக்கமருந்தால் வந்தது என்போர் உண்டு. 1999இல் நான்ட்ரோலோன் சோதனையில் சிக்கிய கிறிஸ்டிக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு அதே மருந்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓட்டி விடுவிக்கப்பட்டார். 2015இல் 33 வயதில் 9.74 ஓடிய ஜஸ்டின் கேட்லின் முன்னர் நான்காண்டுத் தடையை அனுபவித்தவர். இருபது வயதுக்காரர்களும் இதே சோதனைகளில் சிக்கியிருப்பதால் இந்த வாதம் வயதை விளக்கப் போதாது.

இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 2007 ஒசாகா உலகப் போட்டியில் 31 வயதில் 200 மீ வெண்கலம் வென்றார். அண்மைக் காலத்தில் ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ், மகப்பேற்றுக்குப் பின் 2019லும் 2022லும் 100 மீ உலகப் பட்டம் வென்று, 2021இல் 34 வயதில் தம் சிறந்த நேரமான 10.60 ஓடினார். கார்பன் தகடு பதித்த புதிய காலணிகளின் பங்கும் இதில் உண்டு. மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்குகிறது. அப்பிரிவில் 26 ஆண்டு நின்ற ஓட்டியின் 10.74ஐ 2022இல் முறியடித்தவரும் ஃபிரேசர்-பிரைஸே.