எடுப்பது பிரிட்டனில், வெளியிடுவது யார்?

2014ஆம் ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது ‘கிராவிட்டி’க்குப் போனது. இயக்குநர் மெக்சிகோக்காரர், நாயகனும் நாயகியும் அமெரிக்கர்கள், வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். ஆனால் தயாரிப்பாளர்களில் ஒருவரான டேவிட் ஹேமன் ஆங்கிலேயர். படப்பிடிப்பு ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் நடந்தது, காட்சி விளைவுகள் லண்டனில் உருவாயின. விதிப்படி அது பிரிட்டிஷ் படமே. இத்தகைய படங்களைப் ‘பிரிட்டிஷ்’ என்று அழைக்கலாமா என்ற சர்ச்சை ஓயவில்லை. அதைவிட அவசரமான கேள்வி, பிரிட்டனில் எடுக்கப்படும் படத்தை யார், எத்தனை திரைகளில் வெளியிடுகிறார்கள் என்பதே. கடந்த கால் நூற்றாண்டின் திரைப்படக் கொள்கை தயாரிப்புக்கு அள்ளிக் கொடுத்தது. விநியோகத்துக்குக் கிள்ளிக் கொடுத்தது.

2007இல் நடைமுறைக்கு வந்த வரிச் சலுகை ஹாலிவுட்டை இழுத்தது. 2010இல் வார்னர் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவை வாங்கியது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் ஷெப்பர்டனை நீண்ட கால ஒப்பந்தத்தில் பிடித்தது. 2022இல் அமேசானும் அங்கே வந்தது. இதனால் ஒளிப்பதிவாளர் முதல் தச்சர் வரை வேலை பெருகியதை மறுக்க முடியாது. ஆனால் வெளியீட்டு உரிமை அமெரிக்க நிறுவனங்களின் கையிலேயே தங்கியது. லாபமும் அந்த வழியேதான் போனது.

சுயாதீனப் படத்தின் நிலை வேறு. வெள்ளிக்கிழமை வெளியானால், வார இறுதி வசூலைப் பார்த்துத் திங்கட்கிழமை அடுத்த வாரக் காட்சிகள் முடிவாகின்றன. விளம்பரத்துக்குக் காசில்லாத படம் வாய்மொழிப் பாராட்டுப் பரவும் முன்பே திரையை இழக்கிறது. திரையரங்கு தன் பங்கை எடுத்துக்கொள்ளும், விநியோகஸ்தர் தன் செலவையும் கமிஷனையும் கழித்துக்கொள்வார், மிச்சமிருந்தால்தான் தயாரிப்பாளருக்கு.

2000இல் தொடங்கப்பட்ட யூ.கே. ஃபிலிம் கவுன்சில் இதை உணர்ந்திருந்தது. பிரதிகளுக்கும் விளம்பரத்துக்கும் நிதி கொடுத்தது. சுமார் 240 திரைகளுக்கு டிஜிட்டல் கருவி பொருத்தி, பதிலுக்குக் கலைப் படங்களுக்கும் அயல்மொழிப் படங்களுக்கும் காட்சி ஒதுக்கச் சொன்னது. கருவி வந்தது, பெரிய திரையரங்குச் சங்கிலிகளின் அட்டவணை அடிப்படையில் மாறவில்லை. 2010 ஜூலையில் அரசு கவுன்சிலைக் கலைப்பதாக அறிவித்தது. அதன் பணத்தில் ஒரு பங்கைப் பெற்ற ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ ஏழு மாதம் கழித்து நான்கு ஆஸ்கர்களை வென்றது. பொறுப்புகள் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுக்கு மாறின.

சோதனை முயற்சிகள் ஓரங்களிலிருந்து வந்தன. பென் வீட்லியின் ‘எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து’ 2013 ஜூலை 5 அன்று திரையரங்கு, டிவிடி, இணையம், ஃபிலிம்4 தொலைக்காட்சி என நான்கிலும் ஒரே நாளில் வெளியானது. 2015இல் கர்சன் நிறுவனம் ‘45 இயர்ஸ்’ படத்தைத் தன் அரங்குகளிலும் இணையத்திலும் ஒருசேர வெளியிட்டது. பெரிய சங்கிலிகளோ திரையரங்கு வெளியீட்டுக்கும் வீட்டு வெளியீட்டுக்கும் இடையே பதினாறு வார இடைவெளி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றன. 2019இல் அந்த இடைவெளியைப் பின்பற்றாத நெட்ஃபிளிக்ஸின் ‘ரோமா’வுக்கு பாஃப்டா கிடைத்தபோது அந்தச் சங்கிலிகளில் வியூவும் சினிவேர்ல்டும் வெளிப்படையாகக் கொதித்தன.

அந்தப் பிடிவாதத்தைக் கொரோனா உடைத்தது. 2020 அக்டோபரில் பாண்ட் படம் மறுபடி தள்ளிப்போனதும் சினிவேர்ல்ட் தன் பிரிட்டிஷ் அரங்குகளை மூடியது. 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. அந்த ஆண்டு அக்டோபரில் எடின்பரோவின் ஃபிலிம்ஹவுஸ் திரையரங்கும் மூடப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறந்தது.

அதே 2022இல் சார்லட் வெல்ஸின் முதல் படமான ‘ஆஃப்டர்சன்’னை முபி திரையரங்குகளில் வெளியிட்டது. அதன் நாயகன் பால் மெஸ்கலுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. முபி இணையச் சேவையாகவும் விநியோகஸ்தராகவும் இயங்குவதால், திரையரங்கு ஓட்டமே பிற்பாடு சந்தாதாரரை ஈர்க்கும் விளம்பரமாகிறது. ஆனால் எல்லாச் சிறு விநியோகஸ்தர்களிடமும் இப்படியொரு சேவை கிடையாது.

2024இல் அறிவிக்கப்பட்ட சுயாதீனத் திரைப்பட வரிச் சலுகை, 1.5 கோடி பவுண்டு வரையிலான படங்களுக்கு 53 சதவீதம் கொடுக்கிறது. இதுவும் தயாரிப்புச் செலவுக்கே. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு இரண்டு யோசனைகள் சொன்னது: ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் பிரிட்டிஷ் சந்தா வருமானத்தில் 5 சதவீதத் தீர்வை, சுயாதீனப் படங்களின் வெளியீட்டு, விளம்பரச் செலவுக்கு 25 சதவீத வரிச் சலுகை. முதலாவது பரபரப்பாகப் பேசப்பட்டது. இரண்டாவதற்கே முன்னுரிமை வேண்டும். தீர்வையால் திரளும் பணமும் தயாரிப்புக்கே திரும்பினால் வெளியீட்டுக்குக் காத்திருக்கும் படங்களின் வரிசைதான் நீளும். வெளியீட்டுச் சலுகையோ முதல் வாரத்தைத் தாண்டி ஒரு படத்தை அரங்கில் நிறுத்திவைக்கும் துணிச்சலை விநியோகஸ்தருக்குத் தரக்கூடியது.