எண்ணிக்கையும் கண்காணிப்பும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவைப் போற்றும் இந்த அவையில் அந்தரங்க உரிமையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றபோது நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தெழும் வீட்டில் எது அந்தரங்கம், இது மாடிவீட்டுக்காரர்களின் கவலை அல்லவா என்று கேட்டார்கள். இன்னொருவர் கூர்மையாகவே கேட்டார்: "சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று தெருவில் நிற்கிறோம். அப்புறம் எங்கள் விவரத்தைக் கேட்காதே என்றும் சொல்கிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இராயப்பேட்டை, அடையாறு, தியாகராய நகர், திருவான்மியூர் என்று ஒரு மாநகரப் பேருந்தில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள்ளேயே அந்த வரலாறு கிடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கண்காணிப்பு கணினியோடு வந்ததல்ல. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் காலில் செருப்பு இருக்கிறது என்று ஊரே விழித்திருந்து பார்த்த ஏற்பாட்டுக்குத்தான் சாதி என்று பெயர். சேரியை ஊரின் கண்ணில் படும்படியும் கைக்கு எட்டாதபடியும் வைத்ததே அதன் வரைபடம். வெள்ளையர் ஆட்சி இந்தப் பார்வைக்குப் பதிவேடும் மையும் கொடுத்தது. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று பல சமூகங்கள் பதிவு செய்யப்பட்டன. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். விரல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பிரமலைக் கள்ளர்கள். இன்றைய சாதி அரசியலை வைத்து அந்த வரலாற்றை நாம் ஒதுக்கக் கூடாது. உடலின் அடையாளத்தை அரசுக்குக் கொடுக்க மறுத்து இந்த மண்ணில் உயிர்கள் போயிருக்கின்றன; அவர்களில் ஒருவர்கூட மாடிவீட்டுக்காரர் இல்லை.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. பலகையின் பெயர் மாறியது, காவல் நிலையத்துப் பதிவேடு மாறவில்லை.

இனி இராயப்பேட்டைக்கு வருவோம். 1907 ஜூன் 19, புதன்கிழமை. நான்கு பக்கம், காலணா விலை. 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைப் பண்டிதர் அங்கிருந்து தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் மறையும்வரை அவர் கையிலேயே வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் இதே சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். அச்சு இயந்திரம் அன்றைய புதிய தொழில்நுட்பம். வாய்திறக்க உரிமை இல்லாதவர்கள் அதைக் கையில் எடுத்ததும் விவாதம் பற்றிக்கொண்டது. மதம், அரசியல், சுதேசி இயக்கம், மருத்துவம், மொழி, வரலாறு என்று எதைப் பற்றியும் கருத்துச் சொல்லத் தங்களுக்கு உரிமை உண்டு என்று அந்த இதழ்கள் நடந்துகொண்டன.

அந்த இருவருக்கும் இடையில் ஒரு பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. இழிவுப் பெயரைத் தலைநிமிர்ந்து சூடிக்கொள் என்றார் சீனிவாசன். அது நம் எதிரி இட்ட பெயர், அதைத் தூக்கி எறி என்றார் பண்டிதர். எந்தப் பெயர் சரி என்பது இன்றும் முடியாத வழக்கு. ஆனால் நம் பெயரை நாமே சொல்வோம் என்பதில் இருவரும் ஒரே பக்கம். இன்று சட்ட மொழியில் தகவல்மீது தனிமனிதருக்குள்ள கட்டுப்பாடு என்று சொல்கிறார்களே, அதன் வேர் இதுதான்.

அதற்கு விலையும் இருந்தது. 1896இல் 'பறையன்' இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தை முன்வைத்து வழக்குத் தொடுக்கப்பட்டு, சீனிவாசனுக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஏழைகளின் காசில் ஓடிய இதழுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். எழுத்துக்கு யார் பொறுப்பு, வெளியிட்டவரா எழுதியவரா என்ற கேள்வி இணையம் கண்டுபிடித்த கேள்வி அல்ல.

கணக்கெடுப்பைப் பற்றியும் பண்டிதரிடமிருந்தே கற்கலாம். நம் மக்கள் தங்களைச் சாதி இந்துக்களின் கணக்கில் கரைத்துவிடாமல், 1911 கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதிய வேண்டும் என்று அவர் எழுதினார். அவர் கணக்கெடுப்பை எதிர்க்கவில்லை. பிறர் நம்மைத் தங்கள் பெயரில் எண்ணுவதைத்தான் எதிர்த்தார். தோழர் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

அடுத்தது, பெயரை மறைக்கும் உரிமை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் ஒருவரின் பெயரைக் கேட்டவுடனே சாதி தெரிந்துவிடாது என்ற நிலை அந்த அரசியலின் விளைச்சல். பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து நமக்குக் கிடைத்த சிறிய திரை. அந்தத் திரையை விலக்கத்தான் இன்றும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடு பார்க்கப் போகிறவர்களிடம் "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? சைவமா, அசைவமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சாப்பாட்டைப் பற்றியது அல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் சொல்லாமல் இருக்கும் உரிமைதான் அந்தரங்கம். வீட்டுக்குள் தனி அறை இல்லாதவருக்கும் அது தேவை. அவருக்குத்தான் முதலில் தேவை.

அம்பேத்கர் இதை உணர்ந்திருந்தார். 1947இல் அரசியலமைப்பு அவைக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற குறிப்பாணையில், மக்களின் உடல், வீடு, ஆவணம், உடைமை ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் காக்கும் உரிமையைச் சேர்த்தார். அது அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. அதன் விளைவை 1962ஆம் ஆண்டு கரக் சிங் வழக்கில் பார்த்தோம். சாட்சி இல்லாமல் விடுவிக்கப்பட்ட ஒருவர்மீது காவல்துறை வரலாற்றுத் தாள் திறந்து, இரவில் கதவைத் தட்டியது. இரவுச் சோதனை செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொல்லிவிட்டது. அந்தத் தவறு ஒன்பது நீதிபதிகளின் புட்டசாமி தீர்ப்பில், 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான் திருத்தப்பட்டது. ஏழைகளுக்குச் சோறுதான் முக்கியம், அந்தரங்கம் மேல்தட்டினரின் விருப்பம் என்ற வாதத்தை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகவே மறுத்தது.

அந்த நெடும்பாதையில் நம் ஊரிலிருந்து போன ஒரு வழக்கும் உண்டு. திருவான்மியூரை அச்சுறுத்திய ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்புகள் வரும் என்ற நிலையில் சிறைத்துறை குறுக்கே வந்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது: தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு, ஆனால் அரசு அதிகாரிகள் தங்கள் அலுவல் சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. இந்த இரண்டாவது பகுதியை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம்.

இனி அடையாறு. 1894இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கிய இடம். 1898இல் பண்டிதர் ஆல்காட்டுடன் பேசி, இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். நாம் சொல்லப்போவது அதன் அருகிலுள்ள இன்னொரு வளாகத்தைப் பற்றி. சென்னை ஐஐடியில் 2014 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தை மாணவர்கள் தொடங்கினார்கள். மறு ஆண்டு மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. காரணம், ஒன்றிய மனிதவள அமைச்சகத்துக்குப் போன ஒரு பெயரில்லாக் கடிதம். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்ப வந்தது. கடிதம் எழுதியவருக்கு முகம் இல்லை, பெயர் இல்லை; துண்டறிக்கை கொடுத்த மாணவர்களுக்கு எல்லாம் இருந்தது. அந்தக் கடிதத்தை யார் எழுதினார் என்று கண்டுபிடிக்க எந்த அமைச்சகமும் துடிக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே வளாகத்திலிருந்து வேறொரு குரல் கேட்டது. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டிருந்தன. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வழக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று திரும்பியது. முடியும், ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்துவிடலாம் என்று ஐஐடி பேராசிரியர் காமகோடி 2019இல் நீதிமன்றத்தில் யோசனை தந்தார். குறியாக்கத்தின் பயனையே இது கெடுக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில், முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் நுழைந்தது.

வதந்தியால் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்ட காலம் அது. அந்தக் கவலை பொய்யில்லை. நம் பெண்கள்மீது முகமற்ற கணக்குகள் கொட்டும் சாதி வசையும் பொய்யில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் வன்கொடுமையைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்புகிற இளைஞர்தான் முதலில் அனுப்பியவர். கண்டுபிடிக்கும் கருவி முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று கேட்காத தொழில்நுட்ப விவாதம் பாதி விவாதம்தான்.

தியாகராய நகரில் 2010களின் பிற்பகுதியிலேயே காவல்துறை முக அடையாளச் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கியது. தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிறவரின் முகத்தைப் பழைய குற்றவாளிகளின் படத்தோடு அது ஒப்பிடும். 2021 அக்டோபரில் அப்படியொரு மென்பொருள் மாநிலம் முழுவதற்கும் வந்தது. கேமரா சாதி பார்க்காது என்பார்கள். ஒப்பிடப்படும் படங்கள் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தன? வரலாற்றுத் தாள்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் பெயர்கள் இயந்திரகதியில் ஏறிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 மே மாதம் எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிறைப் பதிவேடுகளிலுள்ள சாதிப் பகுதியை நீக்கச் சொல்லவும் வேண்டியிருந்தது. பழைய பதிவேட்டைத் தின்று வளரும் இயந்திரம் பழைய பார்வையைத்தான் பார்க்கும். நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்களின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தை மாட்டினார்கள். அவர்களை வேலை வாங்கும் அதிகாரிகளின் கையில் மாட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

இப்போது தோழரின் இரண்டாவது கேள்விக்கு முழு விடை சொல்வோம். எண்ணப்படுவது வேறு, கண்காணிக்கப்படுவது வேறு. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தனிநபர் கொடுத்த விவரத்தை யாரும் பார்வையிடக் கூடாது, அது நீதிமன்றத்தில் சாட்சியமும் ஆகாது என்கிறது. அதாவது நாம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு நிலம் இல்லை, வேலை இல்லை என்று தொகுப்பாக உலகம் அறியலாம். இன்ன வீட்டில் இன்னார் என்று அதிகாரம் தேடி வர முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. கைபேசிச் செயலியில் நடக்கப்போகும் அந்தக் கணக்கெடுப்பில் 15ஆவது பிரிவு எழுத்துப் பிசகாமல் காக்கப்பட வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

கூட்டம் வெளிச்சத்தில் இருக்கட்டும், தனிமனிதர் திரைக்குள் இருக்கட்டும். அதிகாரத்தில் இருப்பவருக்கு மட்டும் திரை கூடாது. இதுவே நம் நிலைப்பாடு. நடப்பதோ தலைகீழ். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லியே இனி ஒரு மனுவைத் திருப்பி அனுப்பலாம். இட ஒதுக்கீட்டில் யார் நியமிக்கப்பட்டார், பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது, வன்கொடுமை வழக்கை எந்த அதிகாரி கிடப்பில் போட்டார் என்று கேட்டால் அந்தப் பிரிவைக் காட்டுவார்கள். 1994இல் அதிகாரிகளின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட கேடயம் வேறு வாசல் வழியாக அவர்களிடமே திரும்பிவிட்டது.

மாணவ நண்பர்களே, சட்டமும் கணினியும் படிக்கிறவர்கள் உங்களில் பலர். உங்கள் கல்லூரி எதற்காக முகம் கேட்கிறது, ரேகை கேட்கிறது, அதை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் ஒப்பீட்டுப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். திருப்பி அனுப்பினால் மேல்முறையீடு செய்யுங்கள். எந்திரம் நமக்கு எதிரியல்ல. காலணாவுக்கு விற்ற நான்கு பக்கத் தாளும் ஓர் எந்திரத்திலிருந்து வந்ததுதான். அதை யார் இயக்கினார்கள், யாருடைய பெயரை யார் எழுதினார்கள் என்பதே இராயப்பேட்டையில் அன்று நடந்த மாற்றம். அந்த வேலை இன்னும் முடியவில்லை.