சோதிக்க வந்தவருக்கு என்ன தகுதி?

'தகுதி', 'திறமை' என்கிற இரண்டு சொற்களைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துப் போயிருக்கிறது. 1990இல் மண்டல் பரிந்துரையை அமல்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்ததும், எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கத்தியது இந்த இரண்டு சொற்களைத்தான். பள்ளிக்கூடத்தில் அதுவே வேறு பாஷையில் வரும்: "ஒனக்கெல்லாம் எங்கடா படிப்பு ஏறப்போவுது?" சோதனை எப்போதும் பிள்ளைக்குத்தான். சோதிக்கிறவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் கறுப்பின அறிஞர்கள் சிலர் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. சோதனைத் தாள்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு தம் பிள்ளைகளிடம் போனார்கள். அந்த வரலாறு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அறிவை அளக்கும் சோதனையை 1905இல் உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த ஆல்பிரட் பினே. கூட இருந்தவர் சிமோன். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதுதான் நோக்கம். அறிவு என்பது கூடாது குறையாது, பிறந்தபடியே இருக்கும் என்று சொன்னவர்களைப் பினே கண்டித்தார். 1911இல் அவர் செத்துப்போனார். சோதனை கடல் கடந்து வேறு கைகளுக்குப் போனது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தி ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையாக வெளியிட்டார். கறுப்பர், மெக்சிகர், செவ்விந்தியர் பிள்ளைகளின் மந்தம் இனத்தோடு ஒட்டியது, அவர்களைத் தனி வகுப்பில் வைக்க வேண்டும் என்று அதே வருஷம் வந்த தம் புத்தகத்தில் எழுதினார். 1921இல் மேதைக் குழந்தைகளைத் தேடப் புறப்பட்டவரும் அதே டெர்மன்தான். கலிஃபோர்னியாவில் 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கினார். அதில் கறுப்புப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

காரணம் எளிது. வகுப்பில் கெட்டிக்காரன் யார் என்று முதலில் வாத்தியார் பெயர் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் சோதனை. வாத்தியார் கண்ணில் படாத பிள்ளை மேசைக்கே வராது. அந்தச் சல்லடை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு வேடிக்கை: அதில் தேறாமல் போன வெள்ளைப் பையன் வில்லியம் ஷாக்லி 1956இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார். பிற்பாடு அதே ஷாக்லி, ஐ.க்யூ. எண்களைக் காட்டி, கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று ஊர் ஊராகப் பேசினார்! தன்னைத் தவறவிட்ட சல்லடை மற்றவர்களை மட்டும் சரியாகச் சலிக்கும் என்று நம்பினார் போலும்.

கறுப்பின மக்களிடம் சோதிக்கிறவர்கள் ஏன் இல்லை? உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் பிரான்சிஸ் சம்னர். அந்தப் பட்டமே 1920இல்தான் கிடைத்தது. கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று சொன்ன கதை.

அந்தக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் ஹொரேஸ் மான் பாண்ட். முதல் உலகப் போரின்போது ராணுவம் தன் ஆட்களுக்கு வைத்த அறிவுச் சோதனையின் எண்களை 1924இல் பிரித்துப் போட்டார். இல்லினாய் போன்ற வட மாநிலங்களின் கறுப்பர்கள், மிசிசிப்பி போன்ற தென் மாநிலங்களின் வெள்ளையரைவிட மேலே இருந்தார்கள். அளக்கப்பட்டது ரத்தம் அல்ல, பள்ளிக்கூடம் என்று காட்டினார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. பிறகு தாமே 30 கறுப்புப் பிள்ளைகளைச் சோதித்து, 1927இல் 'தி க்ரைசிஸ்' இதழில் எழுதினார். கால்வாசிப் பேர் 130க்கு மேல். பிள்ளையோடு இணக்கமாக உட்காரத் தெரிந்தவர் சோதித்தால்தான் பிள்ளையின் அறிவு வெளியே வரும் என்பது அவர் வாதம்.

அடுத்து மார்ட்டின் ஜென்கின்ஸ். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பால் விட்டியிடம் ஆய்வு செய்தவர். சிகாகோ பொதுப்பள்ளிகளில் தேடி, ஐ.க்யூ. 120க்கு மேலுள்ள 103 கறுப்புப் பிள்ளைகளைக் கண்டெடுத்தார். அதில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. ஆய்வில் அவள் பெயர் 'பி', அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்டு-பினேயில் அவள் எடுத்தது 200. அந்தக் காலக் கணக்குப்படி, ஒன்பது வயதுப் பிள்ளை பதினெட்டு வயதுக்கான அறிவோடு பதில் சொன்னாள் என்று அர்த்தம். டெர்மன் கொடுத்த அளவுகோலேதான்! கெட்டிக்காரக் கறுப்பனுக்கு வெள்ளை ரத்தம் கலந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் பதில் இருந்தது: அவள் வம்சத்தில் வெள்ளையர் கலப்பு எதுவும் பதிவாகவில்லை. 1935இல் விட்டியும் ஜென்கின்சும் இதை வெளியிட்டார்கள்.

1936இல் ஹெர்மன் கனாடி நேரடியாகவே சோதிக்கிறவரைச் சோதித்தார். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைக் கறுப்பரும் வெள்ளையரும் மாறி மாறிச் சோதித்தார்கள். தன் இனத்தவர் முன்னால் உட்கார்ந்தபோது இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் சராசரியாக ஆறு புள்ளி அளவுக்குக் கூடுதலாக வந்தது. பிற்கால ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோல் நிறம் மட்டுமே தகுதி ஆகிவிடாது.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாண்ட் சோதித்த பிள்ளைகள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். 103 பேரைக் காட்டி இனத்தின் மானத்தைக் காப்பாற்றினோம், சரி. 70 எடுத்த பிள்ளையை என்ன செய்வது?

அந்தப் பிள்ளைகளின் வழக்கு 1971இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாணவர்களில் கறுப்பர் 28.5 சதவீதம், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பிலோ 66 சதவீதம். ஐ.க்யூ. 75க்குக் கீழே போனால் அந்த வகுப்பு. அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகள் சிலரைக் கறுப்பின உளவியலாளர்கள் திரும்பச் சோதித்தார்கள். முதலில் பிள்ளையோடு பேசிப் பழகினார்கள். கேள்வியைப் பிள்ளைக்குப் பழக்கமான சொல்லில் கேட்டார்கள். புத்திசாலித்தனமான பதில் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் மதிப்பெண் போட்டார்கள். அத்தனை பேரும் 75ஐத் தாண்டினார்கள். கறுப்புப் பிள்ளைகளை அந்த வகுப்பில் தள்ள ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்காம் தீர்ப்பளித்தார். 1986இல் தடை இன்னும் விரிந்தபோது, 'எங்கள் பிள்ளைக்கு அந்தச் சோதனை வேண்டும், அதை நீங்கள் எப்படி மறுக்கலாம்?' என்று கறுப்பினப் பெற்றோர் சிலரே வழக்குப் போட்டார்கள். 1992இல் அந்தக் கூடுதல் தடை நீங்கியது. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சோதனையை ஒழித்துவிட்டால் மட்டும் பிள்ளையைப் புரிந்துகொண்டதாக ஆகாது.

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. லாகூர் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ரைஸ், பினே சோதனையை இந்துஸ்தானியில் அமைத்து 1929இல் நூலாக்கினார். பஞ்சாபின் சில சாதிகளின் அறிவை ஒப்பிடுவது என்பது அந்த நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. அளவுகோல் இந்த மண்ணில் இறங்கும்போதே சாதியைத் தேடித்தான் இறங்கியது.

2004இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. உத்தரப்பிரதேசக் கிராமங்களில் உயர்சாதிப் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். தாளில் புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் சமமாகச் செய்தார்கள். எல்லார் முன்னாலும் பெயரையும் சாதியையும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் முடித்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயின. அதே பையன்கள், அதே தாள்தான். இடையில் ஒருவர் வாயைத் திறந்தார், அவ்வளவே.

நம் வகுப்பறையில் உதவித்தொகைப் பட்டியலை எப்படி வாசிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நம் பிள்ளையை யாராவது அளக்க வந்தால் சில கேள்விகளை நாம் முதலில் கேட்க வேண்டும். எந்தப் பாஷையில் கேட்கப் போகிறீர்கள்? பிள்ளை சேரியில் பேசுகிற பேச்சில் பதில் சொன்னால் மதிப்பெண் உண்டா? எதற்காக அளக்கிறீர்கள், கைகொடுக்கவா கழித்துக்கட்டவா? கெட்டிக்காரன் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? கூடவே, சோதிக்கிற நாற்காலியில் நம்மவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். உளவியல் படிக்க வாய்ப்புள்ள நம் மாணவர்கள் அந்தப் பக்கமும் போக வேண்டும்.

பள்ளிக்கூட வாசலில் கைகட்டி நிற்கிற அம்மா ஒருநாள் கேட்கத்தான் போகிறாள்: "எம்புள்ளய அளக்க வந்தீங்களே சார், அவன் பேசுறது ஒங்களுக்குப் புரியுதா?"