விழுந்தது யார்?

ஆக்‌ஷன் படம் என்றால் நம்மிடையே பொதுவாக ரெண்டு கட்சி. "கதையே இல்லாம என்னய்யா வெறும் அடிதடி" என்று முகம் சுளிக்கிற கட்சி ஒன்று. "லாஜிக்கை செருப்போட சேர்த்து வெளியிலேயே கழட்டி வெச்சுட்டு வா" என்கிற கட்சி இன்னொன்று. நான் ரெண்டாவது கட்சியின் அடிமட்டத் தொண்டன். உலக சினிமா ஞானமெல்லாம் பெரிதாகக் கிடையாது. ஆனால் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஹீரோ மாடியிலிருந்து விழுந்தால் "நிஜமா விழுந்தது யார்?" என்ற கேள்வி தானாக வந்துவிடும். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் நூறு வருஷ ஆக்‌ஷன் பட வரலாறு வரிசையாக வருகிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க :-)

மௌனப் படங்களிலிருந்து ஆரம்பிப்போம். பஸ்டர் கீட்டன் என்று ஒரு மகானுபாவர். சிரிக்கவே தெரியாத முகம். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் புயல் காட்சி ஒன்று. வீட்டின் முன்சுவர் மொத்தமாகப் பெயர்ந்து அவர் மேல் விழும். மாடி ஜன்னல் இருக்கும் இடத்தில் சரியாக அவர் நிற்பதால் தப்பித்துவிடுவார். கிராஃபிக்ஸ் கிடையாது, டூப் கிடையாது. நிஜ எடையுள்ள சுவர். சில அங்குலம் தள்ளி நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்கு முன் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ரயில்வே தண்ணீர்க் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டது. தலைவலியோடு தொடர்ந்து நடித்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது.

அதே காலத்து ஆள் ஹெரால்ட் லாயிட். கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் அந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 'சேஃப்டி லாஸ்ட்' (1923). இதில் ரெண்டு விஷயம். 1919-ல் ஸ்டில் எடுக்கும்போது, டம்மி என்று நினைத்துக் கையில் வைத்திருந்த வெடிகுண்டு நிஜமாகவே வெடித்து, லாயிட்டின் வலது கையில் ரெண்டு விரல்கள் போய்விட்டன. கடிகாரத்தில் தொங்கியது அந்தக் கையோடுதான். இன்னொன்று, தூரத்து ஷாட்டுகளில் கட்டடம் ஏறுவது லாயிட் இல்லை. பில் ஸ்ட்ரோதர் என்ற நிஜமான கட்டடம் ஏறி. அதே படத்தில் ஹீரோவின் நண்பனாகவும் நடித்தவர். ஆக, ஹீரோவும் விழுகிறவரும் வேறு வேறு ஆள் என்பது அப்போதே தொடங்கிவிட்டது.

ஹாலிவுட் பெரிய கம்பெனிகளாக வளர்ந்ததும் இந்தப் பிரிவினை முழுசாக நடந்தது. நட்சத்திரத்துக்குக் காலுடைந்தால் படம் நின்றுவிடும். டூப்புக்கு உடைந்தால் இன்னொரு டூப். கேட்கக் கொடுமையாக இருந்தாலும் கணக்கு அதுதான். முகம் ஒருத்தருடையது, உடம்பு இன்னொருத்தருடையது என்று ஆனது. உடம்பின் பெயரைச் சொன்னால் முகத்தின் மதிப்பு குறையும் என்பதால் சொல்லவும் மாட்டார்கள்.

இந்தப் பெயரில்லாத ஆட்களில் எனக்குத் தெய்வம் யகிமா கனட். ரோடியோ சாம்பியனாக இருந்து சினிமாவுக்கு வந்தவர். ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில், ஓடுகிற குதிரைகள் மேல் தாவுகிற ஒருவன் சுடப்பட்டுக் குதிரைகளுக்கு நடுவே விழுவான். கொஞ்ச தூரம் இழுபட்டுக் கையை விடுவான். குதிரைகளும் வண்டியும் அவன் மேலே கடந்துபோகும். அது கனட். அதே காட்சியில் குதிரைக்குக் குதிரை தாவும் ஜான் வெய்னுக்கு டூப் போட்டதும் கனட். சுட்டவனும் நானே, செத்தவனும் நானே கதைதான்!

இருபது வருஷம் கழித்து 'பென்ஹர்' (1959). அந்த ரதப் பந்தயத்தை எடுத்ததில் முக்கியப் பங்கு கனட்டுக்கு. ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்டது அவர் மகன் ஜோ கனட். உடைந்து கிடக்கும் ரதத்தின் மேல் இவர் ரதம் ஏறித் தாண்டும்போது ஜோ முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டார். எப்படியோ பிடித்துக்கொண்டார், தாடையில் தையலோடு தப்பினார். அந்த விபத்து அப்படியே படத்தில் இருக்கிறது. தொடர்ந்து ஹெஸ்டன் ரதத்துக்குள் ஏறுகிற ஷாட்டைத் தனியாக எடுத்து ஒட்டினார்கள். பந்தயத்தில் ஒருத்தர் செத்துப்போனார், அதைப் படத்திலேயே பார்க்கலாம் என்று ஒரு கதை உலவுகிறதே, அது வெறும் புரளி. 'பென்ஹர்' 11 ஆஸ்கர் வாங்கியது. ஸ்டண்டுக்கு? அப்படி ஒரு பிரிவே கிடையாது.

கனட்டின் அந்த விழுகையை ஸ்பீல்பெர்க் 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் லாரிக்கு மாற்றினார். ஓடும் லாரிக்கு அடியில் இண்டியானா ஜோன்ஸ் முன்னாலிருந்து பின்னால் போவாரே, அது டெர்ரி லெனர்ட் என்ற ஸ்டண்ட்மேன். உடம்பு அடங்குவதற்காகச் சாலை நடுவில் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். காட்சி முடிந்ததும் நாம் கைதட்டியது ஹாரிசன் ஃபோர்டுக்கு.

முகத்தையும் உடம்பையும் மறுபடி ஒட்டவைத்தது ஹாங்காங். பீக்கிங் ஆபரா பள்ளியில் சின்ன வயதிலிருந்து அடிவாங்கிப் பயிற்சி எடுத்த பையன்கள் சினிமாவுக்கு வந்தார்கள். சாம்மோ ஹங், யுவன் பியாவ், நம்ம ஜாக்கி சான். ஜாக்கி முதலில் வெறும் ஸ்டண்ட் பையன். ப்ரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' (1972) படத்தில் கடைசி உதை வாங்கிப் பறக்கும் வில்லனுக்கு டூப் அவர்தான். அப்போது பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை.

பிறகு 'ப்ராஜெக்ட் ஏ' (1983). லாயிட்டுக்கு மரியாதையாகக் கடிகார முள்ளில் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தார். 'போலீஸ் ஸ்டோரி' (1985) கிளைமாக்ஸில் ஷாப்பிங் மாலில் விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தில் பல மாடி சறுக்கி வந்தார். உள்ளங்கை தோல் வெந்துபோனது, முதுகிலும் அடி. அந்த ஷாட்டைப் படத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். முன்பு அதை வெறும் அலட்டல் என்றுதான் நினைப்பேன். இப்போது யோசித்தால் அது சாட்சி மாதிரி. "பார்த்துக்கோ, கட் இல்லை, ஆள் மாறலை" என்று சொல்வது.

படம் முடிந்ததும் ஓடும் அந்த அடிபடும் அவுட்டேக்குகள்? நமக்கு ஜாக்கி படம் என்றாலே அதுதானே. அந்த யோசனை அவருக்குக் கிடைத்தது 'த கேனன்பால் ரன்' (1981) படத்தில் நடித்தபோது. அதன் இயக்குநர் ஹால் நீதம், பர்ட் ரெனால்ட்ஸுக்கு டூப் போட்டுக்கொண்டிருந்து இயக்குநரானவர். அவர் சிரிப்புக்காக வைத்ததை ஜாக்கி ரத்தக் காயத்துக்கு மாற்றிக்கொண்டார். கூட விழுந்த தன் குழு ஆட்களையும் அதில் காட்டினார்.

அதே ஹாங்காங் வித்தை 'மேட்ரிக்ஸ்' (1999) வழியாக ஹாலிவுட்டுக்குப் போனது. சண்டை அமைத்தவர் யுவன் வூபிங். கியானு ரீவ்ஸுக்கு டூப் சாட் ஸ்டஹெல்ஸ்கி. இடையில் கேமராவை ஆட்டி ஆட்டி, அரை வினாடிக்கு ஒரு கட் வைக்கும் 'பார்ன்' பாணி வந்தது. 'த பார்ன் அல்டிமேட்டம்' (2007) எடிட்டிங்குக்கு ஆஸ்கரும் வாங்கியது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துக் காப்பியடித்த படங்களில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியாது. நடிகருக்குச் சண்டை தெரியாததை மறைக்க அது ரொம்ப வசதி. 2014-ல் 'ஜான் விக்' வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. முழு உடம்பும் தெரிகிற ஃப்ரேம், நீளமான ஷாட். இயக்குநர் யாரென்று பார்த்தால் அதே டூப் ஸ்டஹெல்ஸ்கி! உடன் இயக்கிய டேவிட் லீச்சும் பிராட் பிட்டுக்கு டூப் போட்டவர்.

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்ப் பட டைட்டிலில் 'சண்டைப் பயிற்சி' என்று தனி கார்டு போட்டு ஸ்டண்ட் மாஸ்டரின் பெயர் வரும். இந்த விஷயத்தில் நாம் தேவலை. ஆனால் அடிவாங்கிப் பறக்கும் ஃபைட்டர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? தேசிய விருதில் சண்டைக்கென்று ஒரு பிரிவு 2016-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் வந்தது. மலையாள 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு தமிழ்ப் பட ஷூட்டிங்கில் கார் கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். பலருக்கு அவர் பெயர் அன்றுதான் தெரிந்தது. உயிரோடு இருக்கும்வரை பெயர் தெரியக்கூடாது என்பது என்ன தொழில் தர்மமோ.

ஆஸ்கர் கனட்டுக்கு 1967-லும், நீதமுக்கு 2012-லும், ஜாக்கிக்கு 2016-லும் கௌரவ விருது கொடுத்துச் சமாளித்தது. மேக்கப்புக்கே 1981 படங்களிலிருந்து தனிப் பிரிவு உண்டு. ஸ்டண்டுக்கு 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028-ல், நூறாவது விழாவில் முதல் விருது.

"விருது கொடுத்தால் இன்னும் ஆபத்தாகச் செய்து உயிரை விடுவார்களே" என்று ஒரு வாதம் உண்டு. அதற்குப் பதில் விருதின் பெயரிலேயே இருக்கிறது. 'ஸ்டண்ட் டிசைன்'. கனட் குதிரையிலிருந்து விழுந்ததற்காக மட்டும் பெரிய ஆள் இல்லை. விழும்போது கால் மாட்டிக்கொள்ளாத அங்கவடி மாதிரி பாதுகாப்புச் சாமான்களை உருவாக்கியதற்காகவும்தான். உயிரைப் பணயம் வைப்பதற்குத் தைரியம் மட்டும் போதும். நூறு பேர் முன்னால் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிடப் போவதற்குத்தான் திட்டம், கணக்கு, ஒத்திகை எல்லாம் வேண்டும். என்னைக் கேட்டால் விருது அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.