தீமை அப்டேட் செய்தால் தீமை வருமா?

தலைப்பில் முதலில் வரும் 'தீமை', இணையதளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'தீம்'. இரண்டாவது, அசல் தீமை. சிலேடைக்காக மட்டும் வைத்த தலைப்பு இல்லை :) வேர்ட்பிரஸ் வரலாற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. 'உங்கள் தீமுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று காட்டும்போது, பட்டனை அமுக்கினால் ஒரு பயம், அமுக்காவிட்டால் இன்னொரு பயம். இரண்டுமே நியாயமான பயங்கள். அவை எப்படி வந்தன என்று பார்ப்போம்.

2003 மே மாதம் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸ்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டபோது தீம் என்ற சங்கதியே கிடையாது. தளத்தின் தோற்றம் மென்பொருளின் சொந்தக் கோப்புகளிலேயே கலந்து கிடந்தது. கலர் மாற்ற வேண்டுமா? அந்தக் கோப்பைத் திறந்து திருத்து. அடுத்த பதிப்பை ஏற்றும்போது மறந்துபோய் அந்தக் கோப்பையும் சேர்த்து ஏற்றிவிட்டால், திருத்தியதெல்லாம் போச்சு.

2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. தோற்றம் சம்பந்தப்பட்டதெல்லாம் தனி ஃபோல்டருக்குப் போனது. அதற்குப் பெயர் தீம். மைக்கேல் ஹைல்மன் வடிவமைத்த குப்ரிக், தலையில் நீலப் பட்டையோடு, கூடவே வந்தது. இனி மென்பொருளைப் புதுப்பித்தாலும் தோற்றம் தப்பிக்கும்.

ஆனால் தீமையே புதுப்பிக்க வேண்டி வந்தால்? ஆரம்பத்தில் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தீம் என்பது பெயின்ட் மாதிரிதானே, பெயின்டுக்கு எதற்கு அப்டேட் என்ற நினைப்பு. உண்மையில் தீமுக்குள் இருப்பது பிஎச்பி நிரல். சர்வரில் ஓடுகிற நிரல். அது பெயின்ட் இல்லை, வயரிங்.

2008, 2009 வாக்கில் எல்லாமே ஒரே கிளிக்கில் நடக்க ஆரம்பித்தது. சௌகரியம்தான். ஆனால் அந்த ஒரு கிளிக் என்ன செய்கிறது தெரியுமா? பழைய தீம் ஃபோல்டரை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறது. நீங்கள் ராத்திரி கண்விழித்துத் திருத்திய வரிகளும் அதோடு சேர்ந்து போய்விடும். அப்டேட் பக்கத்திலேயே இதைப் பற்றி எச்சரிக்கை உண்டு. யார் படிக்கிறார்கள்!

இதற்கு மருந்துதான் சைல்ட் தீம். நம் திருத்தங்களைத் தனியாக இன்னொரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, 'மற்றதெல்லாம் அந்தத் தாய் தீமிலிருந்து எடுத்துக்கொள்' என்று ஒரு வரி எழுதிவிடுவது. ஸ்டைல் கோப்புக்கு இந்த வசதி முன்பே இருந்தது. 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில்தான் மற்ற டெம்ப்ளேட் கோப்புகளையும் இப்படி மாற்றி வைக்க முடிந்தது. தாயைப் புதுப்பித்தால் சேய்க்கு ஒன்றும் ஆகாது.

எல்லோரும் சொல்லாத ஒரு சங்கடம் இதிலும் உண்டு. தாய் தீமின் ஒரு கோப்பை நகலெடுத்துச் சேய் ஃபோல்டரில் வைத்த நிமிடமே, அந்த நகல் உறைந்துவிடுகிறது. மூலக் கோப்பில் ஓட்டை இருந்து பிறகு அடைக்கப்பட்டாலும் உங்கள் நகலில் ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் எதை மாற்ற வேண்டுமோ அதை மட்டும் நகலெடுப்பது நல்லது. வெறும் கலர், எழுத்தளவு மாற்றத்துக்குச் சைல்ட் தீம்கூட வேண்டாம். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து, கூடுதல் சிஎஸ்எஸ் எழுத டாஷ்போர்டிலேயே தனி இடம் உண்டு.

இனி இரண்டாவது பயத்துக்கு வருவோம்.

டிம்தம் என்று ஒரு குட்டி நிரல். படங்களைச் சின்னதாக்கித் தரும். எக்கச்சக்கமான தீம்கள் இதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு வந்தன. 2011 ஆகஸ்டில் மார்க் மாண்டர் என்பவர், தன் சொந்தத் தளமே உடைக்கப்பட்ட பிறகு, துருவிப் பார்த்து இதிலிருந்த ஓட்டையை வெளியிட்டார். ஃப்ளிக்கர், பிளாகர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டும்தான் டிம்தம் படம் எடுத்துவர வேண்டும். ஆனால் அந்தப் பெயர் முகவரியில் எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்த்தது. வாசலில் நிற்கும் காவலாளி, விசிட்டிங் கார்டில் 'கலெக்டர்' என்ற சொல் இருந்தாலே சல்யூட் அடித்து உள்ளே விடுவது போல. 'கலெக்டர் ஆபீஸ் எதிரில் டீக்கடை' என்று இருந்தாலும் உள்ளே! 'பிளாகர்.காம்.கெட்டதளம்.காம்' என்று ஒரு முகவரி வைத்துக்கொண்டால் போதும், படம் என்ற பெயரில் எந்த நிரலையும் உங்கள் சர்வரில் இறக்கி ஓட்டிவிடலாம்.

பென் கில்பேங்க்ஸ் பராமரித்துவந்த அந்த நிரல் விரைவிலேயே திருத்தி எழுதப்பட்டது. பிரச்சினை அதை எல்லா இடத்துக்கும் கொண்டு சேர்ப்பதில்தான். தன் தீமுக்குள் டிம்தம் இருப்பதே தளம் வைத்திருந்த பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும், தீமை நேரடியாகத் திருத்தி வைத்திருந்தவர்கள் அப்டேட் செய்யத் தயங்குவார்கள், அழிந்துவிடுமே என்று. முதல் பயம் இரண்டாவது ஆபத்தை வளர்க்கிற இடம் இதுதான்.

2014-ல் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற ப்ளகினைப் பல விலைத் தீம்கள் இலவச இணைப்பாகக் கொடுத்தன. அதிலிருந்த ஓட்டையை அதன் நிறுவனம் பிப்ரவரியிலேயே சத்தமில்லாமல் அடைத்தது. விஷயம் செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. டிசம்பரில் 'சோக்சோக்' என்ற தாக்குதல் வந்து, 11,000-க்கும் மேற்பட்ட தளங்களைக் கூகுள் கறுப்புப் பட்டியலில் போட்டது. காமர்ஸ் படிப்பவன் கண்ணில் படுவது இதிலிருக்கும் ஒப்பந்தச் சிக்கல். நான் தீம் கம்பெனிக்குப் பணம் கொடுத்தேன். ப்ளகின் கம்பெனிக்கு நான் யாரோ! தனி லைசென்ஸ் இல்லாததால் அப்டேட் எனக்கு நேராக வராது, தீம்காரர் மனது வைத்து அடுத்த பதிப்பில் சேர்த்தால்தான் உண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருளில், விற்றவரே செய்யாத பாகத்துக்கு யார் பொறுப்பு?

இடையில் 2013 அக்டோபரில், 3.7 பதிப்பிலிருந்து, வேர்ட்பிரஸ் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தது. தீம்களுக்கும் அந்தச் சுவிட்ச் 2020 ஆகஸ்டில் 5.5 பதிப்போடு டாஷ்போர்டுக்கு வந்தது. 2023-ல் வந்த 6.3, நாம் கையால் செய்யும் அப்டேட் பாதியில் முறிந்தால் பழைய தீமைத் திருப்பி வைக்கிறது. இருந்தாலும் என் கட்சி பழைய கட்சிதான்: முதலில் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து, ஒரு நகல் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அசல் தளத்தில் கை வைப்பது. அப்டேட் முழுதாக முடிந்து, பக்கமும் திறந்து, ஆனால் வாங்கு பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போனால் 6.3 அதைக் கண்டுகொள்ளாது.

இவை எதுவும் பிடிக்க முடியாத ஒன்று 2021-ல் நடந்தது. நேபாளத்தைச் சேர்ந்த ஆக்சஸ்பிரஸ் தீம்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்தையே உடைத்து, அங்கே பதிவிறக்கத்துக்கு இருந்த 40 தீம்களிலும் 53 ப்ளகின்களிலும் பின்வாசல் வைத்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் ஜெட்பேக் குழு விவரத்தை வெளியிட்டது. வேர்ட்பிரஸ்.ஆர்க் கிடங்கில் இருந்த பிரதிகள் சுத்தமாக இருந்தன. விற்பனையாளரின் கடையில் நேராக வாங்கியவர்கள்தான் மாட்டினார்கள். அந்தப் பின்வாசல் தீம் ஃபோல்டரில் தங்கவுமில்லை. முதல் வேலையாக வேர்ட்பிரஸ்ஸின் சொந்தக் கோப்பு ஒன்றுக்குள் சில வரிகளை எழுதிவிட்டு, தன்னைத்தானே அழித்துக்கொண்டது. தீமை நீக்கியவர்களுக்கும், வேறு தீமுக்கு மாறியவர்களுக்கும் அந்த வரிகள் அங்கேயே இருந்தன. வேர்ட்பிரஸ்ஸையே சுத்தமான பிரதியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.